பாலைவனத்தின் தண்ணீர்க் கணக்கு

இன்று உங்களை ஒரு கற்பனைப் பயணத்துக்கு அனுப்பப் போகிறோம். பயணம்தான் கற்பனை, போகிற இடங்களும் அங்கே காத்திருக்கும் ஆபத்துகளும் முற்றிலும் உண்மையானவை.

உங்களுக்கு இருபத்தைந்து வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. பழைய கார் ஒன்று இருக்கிறது. பதினைந்து நாள் விடுமுறையும் இருக்கிறது. கூட வரத்தான் யாருமில்லை. அமெரிக்காவின் தென்மேற்கில் லாஸ் வேகாஸ் நகரத்துப் பெட்ரோல் பங்க் ஒன்றில் நிற்கிறீர்கள். மாதம் செப்டம்பர். முன் இருக்கையில் ஒரு நிலப்படம் விரிந்து கிடக்கிறது. அதில் ஐந்து இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறீர்கள்: டெத் வேலி, சயான், கிராண்ட் கேன்யன், கல்மரக் காடு, சவாரோ. ஐந்தும் தேசியப் பூங்காக்கள். ஐந்தும் வறண்ட நிலங்கள். ஒவ்வொன்றிலும் காரை நிறுத்திவிட்டு நடக்கப் போகிறீர்கள்.

டிக்கியில் முதலில் எதை ஏற்றுவீர்கள்? தண்ணீரைத்தான். எவ்வளவு? ஆளுக்கு, நாளொன்றுக்கு, குறைந்தது நான்கு லிட்டர் என்று டெத் வேலிப் பூங்காவின் அறிவிப்பு சொல்கிறது. ஏன் நான்கு? இரண்டு போதாதா? வீட்டில் நாம் இரண்டு லிட்டர் குடிப்பதே பெரும்பாடு அல்லவா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு காரைக் கிளப்புங்கள். போகப் போக விடை கிடைக்கும்.

மழை ஏன் எட்டவில்லை?

லாஸ் வேகாஸிலிருந்து மேற்கே சுமார் இரண்டு மணி நேரம் ஓட்டினால் கலிபோர்னியா மாநிலத்து டெத் வேலி. பெயருக்குச் 'சாவுப் பள்ளத்தாக்கு' என்று பொருள். சாலை மலைகளைக் கடந்து, இறங்கி, மேலும் இறங்கிக்கொண்டே போகிறது. பேட்வாட்டர் என்ற இடத்தில் காரை நிறுத்தி நிமிர்ந்து பாருங்கள். மலைப்பாறையில், உங்கள் தலைக்கு மேல் வெகு உயரத்தில், ஒரு பலகை தெரிகிறதா? 'கடல் மட்டம்' என்று அதில் எழுதியிருக்கிறது. நீங்கள் நிற்பது கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே! வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்ந்த தரை இதுதான்.

பசிபிக் கடல் இங்கிருந்து வெகு தூரத்தில் இல்லை. ஆயினும் மழை இல்லை. காரணம் மலைகள். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சியரா நெவாடா முதலிய மலைத்தொடர்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக் கடக்க வேண்டும். ஏறும்போது காற்று குளிர்கிறது. நீராவி மழையாகவும் பனியாகவும் மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது அது வெறுங்கையோடு வரும் உலர்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தை நனைத்துவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் சோர்ந்து வருவதை நீங்கள் புவியியலில் படித்திருப்பீர்கள். அதே 'மழை மறைவு' தான் இங்கும். நம் பக்கம் ஒரு மலைத்தொடர், அங்கே பல.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. டெத் வேலியின் அடித்தளத்தில் சுமார் 5 சென்டிமீட்டர்தான். வெயிலோ கொடியது. 1913-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் இங்கே பதிவான 56.7 டிகிரி செல்சியஸ், உலகிலேயே மிக உயர்ந்த காற்று வெப்பநிலையாக உலக வானிலை அமைப்பின் ஏட்டில் இருக்கிறது. அக்காலத்து அளவீட்டை ஐயுறும் அறிஞர்களும் உண்டு. ஆனால் 2020-இலும் 2021-இலும் இக்காலக் கருவிகளே இங்கு 54.4 டிகிரி காட்டின.

பேட்வாட்டரின் தரை வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பனியா? இல்லை, உப்பு. பனியுகத்தில் இங்கே பெரிய ஏரி ஒன்று இருந்தது. வரவு குறைந்து செலவு கூடியதால், அதாவது மழை குறைந்து ஆவியாதல் மிகுந்ததால், ஏரி வற்றி உப்பு மட்டும் எஞ்சிற்று. பாலைவனம் என்பது தண்ணீர்க் கணக்கில் செலவு மிஞ்சிய நிலம். அவ்வளவுதான்.

வியர்வையின் விலை

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். நீங்கள் 60 கிலோ எடை என்று கொள்வோம். உங்கள் உடல் வெப்பநிலை 37 டிகிரி. அது இரண்டு மூன்று டிகிரி ஏறினாலே ஆபத்து. ஆனால் வெளிக்காற்று 45 டிகிரி. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் பாயும் என்பது விதி. அப்படியானால் இங்கே வெப்பம் எங்கிருந்து எங்கே பாயும்? காற்றிலிருந்து உங்கள் உடலுக்கு! விசிறிக்கொண்டால் குளிராது, இன்னும் சூடுதான் ஏறும்.

உடலுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்துளை வழியே கசியும் நீர், ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. உங்கள் தோலிலும் அதுவே நடக்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. ஒரு லிட்டருக்கு 580 கிலோகலோரி.

நடப்பதால் உங்கள் உடலுக்குள் மணிக்கு 300 கிலோகலோரி வெப்பம் உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். வெயில், சுடுகாற்று, கொதிக்கும் தரை மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய இன்னொரு 280 தருகின்றன. மொத்தம் 580. விடை கண்முன் இருக்கிறது: மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை. நான்கு லிட்டர் என்பது வெயிலில் நான்கு மணி நேர நடைக்கு உரிய விலை! அதனால்தான் அதைக் 'குறைந்தது' என்கிறார்கள்.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. சென்னையின் கத்திரி வெயிலில் சட்டை தொப்பலாக நனைகிறது, 'எவ்வளவு வியர்க்கிறது!' என்று நமக்கே தெரிகிறது. பாலைவனத்தின் உலர்காற்றிலோ வியர்வை தோலுக்கு வந்ததும் மறைந்துவிடும். சட்டை உலர்ந்தே இருக்கும். செலவு நடக்கிறது, ரசீது வருவதில்லை. தாகம் எச்சரிக்காதா? எச்சரிக்கும், ஆனால் தாமதமாக, குறைவாக எச்சரிக்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது அடால்ஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியப் பாலைவனத்தில் படைவீரர்களிடம் இதையெல்லாம் அளந்தார்கள். 1947-இல் நூலாக வெளியிட்டார்கள். தண்ணீர் கையில் இருந்தாலும் வெப்பத்தில் மனிதன் இழந்த அளவுக்குக் குடிப்பதில்லை என்று கண்டார்கள். சட்டையைக் கழற்றினால் செலவு கூடுகிறது. முழுக்கைச் சட்டை போட்டால் குறைகிறது. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடிப்பதால் பயனில்லை. அது குடுவையில் இருப்பதைவிட உடலில் இருப்பதே மேல். மிச்சம் பிடிக்க வேண்டியது வியர்வையை. அதாவது நிழலில் இரு, பகலில் ஓய்ந்திரு, அதிகாலையில் நட. பகலில் நிழலிலேயே 49 டிகிரி எட்டும் நாட்களில், தண்ணீரே இல்லாதவன் நிழலில் அசையாமல் கிடந்தாலும் சுமார் இரண்டு நாள்தான் உயிரோடிருப்பான் என்று அவர்கள் கணித்தார்கள்.

உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே சோர்வு தட்டும். 60 கிலோ ஆளுக்கு அது 1.2 லிட்டர், ஒரு மணி நேர நடைக்குச் சற்று மேல். நூற்றுக்குப் பத்து குறைந்தால் பேச்சு குழறும், புத்தி தடுமாறும். இந்தக் கடைசிச் சொற்களை நினைவில் வையுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

குடிக்காமலே வாழும் எலி

இருட்டிவிட்டது. கூடாரத்துக்கு வெளியே மணலில் ஏதோ தாவுகிறது. டார்ச் விளக்கை அடியுங்கள். நீண்ட வால், நீண்ட பின்னங்கால்கள், கங்காருவைப் போலத் துள்ளல். இதுதான் கங்காரு எலி. தண்ணீரே குடிக்காமல் இது வாழ்நாளைக் கழித்துவிடும். உலர்ந்த விதைகளே இதன் உணவு.

நீர் எங்கிருந்து வருகிறது? வேதியியல் வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஹைட்ரஜன் எரிந்தால் என்ன உண்டாகும்? நீர். மாவுப்பொருளிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. அவை உடலில் பிராணவாயுவுடன் சேர்ந்து 'எரியும்போது' நீர் பிறக்கிறது. இந்த எலியை ஆராய்ந்த ஷ்மிட்-நீல்சன் என்ற அறிஞர் அதன் வரவு செலவை முழுமையாகவே எழுதிவிட்டார். அது 100 கிராம் உலர்ந்த வாற்கோதுமையைத் தின்று முடிக்கும் காலத்துக்கான கணக்கு இது:

வரவு: உணவு எரிவதால் 54 கிராம் நீர்; தானியத்தில் ஊறியிருந்த ஈரம் 6 கிராம்; ஆக 60.
செலவு: மூச்சு முதலிய ஆவியாதலில் 43.9; சிறுநீரில் 13.5, புழுக்கையில் 2.6, ஆக 60.

வரவும் செலவும் எவ்வளவு அழகாகச் சரிக்கட்டுகின்றன பாருங்கள்! இதற்காக எலி செய்யும் சிக்கனங்கள் பல. அதற்கு வியர்வை கிடையாது. பகல் முழுதும் வளைக்குள் இருக்கும். வாயிலையும் மண்ணால் அடைத்துக்கொள்ளும். வெளிவிடும் மூச்சு அதன் குளிர்ந்த மூக்கைக் கடக்கும்போது நீராவியில் ஒரு பங்கு அங்கேயே நீராகப் படிந்துவிடும். அதன் சிறுநீரகம் நம்முடையதைப் போல் நான்கு மடங்கு அடர்த்தியான சிறுநீரைப் பிரிக்கும்.

நமக்கு இந்த வித்தைகள் இல்லை. ஆனால் ஒன்றை அதனிடம் கற்கலாம்: வெயில் நேரத்தில் வெளியே வராதே. கோடையில் பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் காலை பத்து மணிக்கு மேல் நடக்காதீர்கள் என்று பூங்காவினர் எச்சரிப்பதும் இதைத்தான்.

நீலவானத்தின் கீழே வெள்ளம்

அடுத்து, கிழக்கே யூட்டா மாநிலம். சயான் தேசியப் பூங்கா. இங்கே இருபுறமும் செங்குத்தான செம்மணற்பாறைச் சுவர்கள். பாறையை அருகில் போய்ப் பாருங்கள். சாய்ந்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றனவா? அவை காற்று அடுக்கிய மணல்மேடுகளின் சரிவுகள். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பரந்த மணற்பாலை ஒன்று இருந்தது. அதன் மேடுகள் புதைந்து, இறுகி, நவஹோ மணற்பாறை ஆயின. நீங்கள் இன்றைய வறண்ட நிலத்தில் நின்று பழைய பாலைவனம் ஒன்றைத் தொட்டுப் பார்க்கிறீர்கள்!

இந்தப் பாறையில் நுண்துளைகள் மிகுதி. மேலே பெய்யும் மழை அவற்றின் வழியே மெல்ல மெல்ல இறங்குகிறது. 'அழும் பாறை' என்ற இடத்தில் சுவரிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சொட்டு மேலே மழையாக விழுந்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது என்கிறார்கள். நிலம் போட்டு வைத்த பழைய சேமிப்பு அது.

ஆனால் எல்லா மழையும் இப்படிப் பொறுமையாக இறங்குவதில்லை. கோடையின் பிற்பகுதியில் இப்பகுதிக்கும் ஒரு பருவமழை உண்டு. பிற்பகலில் திடீரென இடிமழை கொட்டும். மண்ணும் செடியும் இல்லாத வெறும் பாறை அதைப் பிடித்து வைப்பதில்லை. பல சதுர கிலோமீட்டரில் விழுந்த நீர் முழுவதும் ஓடைகளில் ஓடி, சில மீட்டர் அகலமே உள்ள ஒரு பிளவுக்குள் ஒரே நேரத்தில் பாய்கிறது. மழை பெய்தது பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கலாம். 2015 செப்டம்பர் 14-ஆம் நாள் சயானின் குறுகிய பிளவு ஒன்றில் இறங்கியிருந்த ஏழு பேர் இப்படித்தான் வெள்ளத்தில் இறந்தார்கள்.

ஆகவே பிளவுக்குள் இறங்கும் முன் பூங்கா அலுவலகத்தில் வானிலை அறிக்கையைக் கேளுங்கள். உள்ளே இருக்கும்போது தெளிந்த நீர் கலங்கினால், சுள்ளிகளும் இலைகளும் மிதந்து வந்தால், நீர்மட்டம் ஏறினால், மேலே இரைச்சல் கேட்டால், யோசிக்காமல் உயரமான இடத்துக்கு ஏறிவிடுங்கள். தண்ணீர் இல்லாமையால் மட்டுமல்ல, தண்ணீராலும் பாலைவனத்தில் சாவு வரும்.

தலைகீழ் மலை

தெற்கே அரிசோனா மாநிலத்தில் கிராண்ட் கேன்யன். கொலராடோ ஆறு அறுத்த இந்தப் பெரும்பள்ளத்தின் நீளம் 446 கிலோமீட்டர். ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். விளிம்பில் இருக்கும் சுண்ணாம்புப் பாறைக்கு வயது 27 கோடி ஆண்டு. அதில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அதாவது இந்த உச்சி ஒரு காலத்தில் கடலடி. இறங்க இறங்கப் பாறையின் வயது கூடும். அடியில் இருக்கும் கரிய பாறைக்கு வயது 170 கோடி ஆண்டுக்கு மேல். அதன் பெயர் என்ன தெரியுமா? விஷ்ணு! அதனோடு சேர்ந்து பிரம்மா, ராமா என்ற பாறைகளும் உண்டு. 1880-களில் இங்கு ஆராய்ந்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலார், கோபுரங்களைப் போல நிற்கும் குன்றுகளைக் கண்டு வியந்து, விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று பெயரிட்டார். பாறைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயரைக் கேட்டு மகிழ்ந்து நேரே இறங்கிவிடாதீர்கள். சாதாரண மலையில் ஏறும்போது களைத்தால் திரும்பிவிடலாம், இறக்கம் எளிது. இது தலைகீழ் மலை. முதலில் சுகமான இறக்கம். களைத்த பிறகு ஏற்றம். அதுவும் குளிரிலிருந்து சூட்டுக்குள் இறங்குகிறீர்கள். காற்று இறங்கும்போது அழுத்தம் மிகுந்து சூடேறும். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி. தெற்கு விளிம்புக்கும் ஆற்றங்கரைக்கும் உயர வேறுபாடு சுமார் 1,350 மீட்டர். விளிம்பில் இதமான 25 டிகிரி என்றால் அடியில் 38! இறங்கிய நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு வேண்டும். ஆற்றுவரை இறங்கி அன்றே ஏறிவிடலாம் என்று எண்ண வேண்டாம் எனப் பூங்காவினர் மீண்டும் மீண்டும் எச்சரிக்கிறார்கள். கேளாமல் இறங்கியவர்களை மீட்பதே ஆண்டுதோறும் அவர்களுக்கு ஒரு பெருவேலை.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு: உப்புக் கணக்கு. வியர்வை கரிப்பது ஏன்? அதில் உப்பும் போகிறது. இழந்ததை வெறும் தண்ணீரால் மட்டும், அளவுக்கு மீறி நிரப்பினால், இரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். தலைவலி, குமட்டல், மயக்கம் வரும்; முற்றினால் உயிருக்கே ஆபத்து. எனவே நீரோடு உப்பிட்ட தின்பண்டமும் வேண்டும். வெயிலில் வந்தவருக்கு நம் பாட்டிமார் உப்புப் போட்ட நீர்மோர் கொடுப்பதன் நியாயம் இப்போது புரிகிறதா?

கல்லான மரமும் நீர் சேர்க்கும் தூணும்

கிழக்கே சென்றால் கல்மரக் காடு. காடு என்றால் நிற்கும் மரங்கள் அல்ல. தரையில் கிடக்கும் கல்மரத் துண்டுகள். சுமார் 22 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் அடித்து வந்த மரங்கள் சேற்றிலும் எரிமலைச் சாம்பலிலும் புதைந்தன. சாம்பலிலிருந்த சிலிக்காவை நிலத்தடி நீர் கரைத்து மரத்துக்குள் கொண்டு சென்றது. மரம் மெல்ல மெல்லக் கல்லாயிற்று. இரும்பும் மாங்கனீசும் சிவப்பு, மஞ்சள், ஊதா நிறங்களைத் தந்தன. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் உள்ள கல்மரங்களை நீங்கள் பார்த்திருந்தால், இதே வேலையை நீர் நம் ஊரிலும் செய்திருப்பதை அறிவீர்கள். அழகாக இருக்கிறதே என்று ஒரு சில்லைக்கூட எடுக்காதீர்கள், அது குற்றம்.

அரிசோனாவின் தெற்கே, டூசான் நகருக்கு இருபுறமும் விரிந்திருக்கிறது கடைசிப் பூங்கா, சவாரோ. சவாரோ என்பது ஒரு கள்ளி. நம் ஊர் வேலியோரக் கள்ளியை நினைக்காதீர்கள். இது 12 மீட்டருக்கு மேல் உயரும் பச்சைத் தூண். கை தூக்கி நிற்கும் மனிதர்களைப் போன்ற கிளைகள். முதல் எட்டு ஆண்டுகளில் இது வளர்வது ஓரிரு அங்குலம்தான். முதல் கிளை விட ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். 150 ஆண்டு வாழும்.

இதன் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். ஆணிவேர் ஒன்றைத் தவிர மற்ற வேர்கள் ஆழம் போவதில்லை. தரைக்குச் சற்றுக் கீழே, தன் உயரத்தின் அளவுக்குச் சுற்றிலும் படர்கின்றன. சிறுமழையையும் விடாமல் வாரிக்கொள்ளத்தான். தண்டில் துருத்தியைப் போல மடிப்புகள் உண்டு. நீர் கிடைத்தால் அவை விரிந்து தண்டு பருக்கும், செலவானால் சுருங்கும். மெழுகுத் தோல் ஆவியாதலைத் தடுக்கிறது. சாதாரணச் செடி பகலில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும். அப்போது நீராவியும் வெளியேறிவிடும். சவாரோவோ இரவின் குளிரில் துளைகளைத் திறந்து வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைக்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேர்த்ததை வைத்து உணவு சமைக்கிறது. எலி கண்ட வழியையே கள்ளியும் கண்டிருக்கிறது: வேலையை இரவுக்கு மாற்று.

கணக்கு எழுதுபவர் மயங்கிவிட்டால்?

இப்போது முன்பு நினைவில் வைக்கச் சொன்னதற்கு வருவோம். நீர் குறைந்து உடல் சூடேறும்போது முதலில் பழுதாகும் உறுப்புகளில் ஒன்று மூளை. 'இன்னும் சிறிது தூரம்தானே', 'குறுக்கு வழியில் போனால் என்ன' என்றெல்லாம் தோன்றத் தொடங்கும். இருவர் போனால் ஒருவர் மற்றவரைப் பார்த்து, 'உன் முகம் சரியில்லை, நிழலில் உட்கார்' என்பார். தனியே போகும் உங்களுக்கு அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? வரவு செலவு எழுதும் கணக்கப்பிள்ளையே மயங்கிவிட்டால் கணக்கு என்னாகும்? தனிப் பயணத்தின் பெரிய ஆபத்து இதுதான்.

எனவே புத்தி தெளிவாக இருக்கும்போதே முடிவுகளை எடுத்து எழுதி வைத்துவிட வேண்டும். 'காலை எட்டு மணிக்கு, எங்கே இருந்தாலும் திரும்புவேன்.' 'தண்ணீரில் பாதி தீர்ந்தால் திரும்புவேன்.' அங்கே போய் யோசிக்க எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

இரண்டாவது விதி: எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். 2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் என்ற 27 வயது இளைஞர், யூட்டாவின் ஒரு குறுகிய பிளவில் தனியே இறங்கினார். மலையேற்றத்தில் கைதேர்ந்தவர்தான். ஆனால் போகும் இடத்தை எவரிடமும் சொல்லவில்லை. நகர்ந்து உருண்ட ஒரு பாறை அவர் வலக்கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியாது. கையிலிருந்த சிறிதளவு நீரும் தீர்ந்தது. ஆறாம் நாள், தம் கையைத் தாமே அறுத்துக்கொண்டு வெளியேறி, பல கிலோமீட்டர் நடந்து உயிர் பிழைத்தார். ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அந்த ஐந்து நாட்களும் அந்தக் கையும் மிஞ்சியிருக்கக் கூடும்.

மூன்றாவது: கார் பழுதானால் அதை விட்டு நடக்காதீர்கள். வானிலிருந்து பார்ப்பவருக்கு மனிதனைவிடக் கார் எளிதில் தெரியும், நிழலும் தரும். கைபேசியை நம்பாதீர்கள், இப்பூங்காக்களின் பெரும்பகுதியில் அதற்குத் தொடர்பு கிடைக்காது. காகித நிலப்படம் கையில் இருக்கட்டும்.

நான்காவது: பாதையை விட்டு இறங்காதீர்கள். இது உங்களுக்காக மட்டுமல்ல. யூட்டாவின் மணல்தரையில் கருகிய ரொட்டியின் மேற்பரப்பைப் போலக் கரிய பொருக்கு ஒன்றைக் காணலாம். அது உயிருள்ளது, நீலப்பச்சைப் பாக்டீரியா, பாசி, காளான் இழைகள் சேர்ந்து மணலைப் பின்னி வைத்திருக்கின்றன. மண் பறக்காமல் காப்பதும் ஈரத்தைப் பிடிப்பதும் அதுவே. ஒரு காலடி அதை நொறுக்கிவிடும். மீண்டும் வளரப் பல ஆண்டுகள், சில வேளை பல பத்தாண்டுகள் ஆகும்.

வீட்டில் செய்து பாருங்கள்

உங்கள் சொந்த வியர்வைக் கணக்கை இப்போதே எழுதலாம். விளையாட்டுக்கு முன் எடை பாருங்கள். நண்பர்களுடன் அரை மணி நேரம் கபடி ஆடுங்கள். உடம்பைத் துடைத்துவிட்டு, எதுவும் குடிக்கும் முன் மீண்டும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு 100 கிராமும் நீங்கள் செலவிட்ட 100 மில்லி லிட்டர் நீர். குறித்துக்கொண்டு, உடனே அந்த அளவுக்குச் சற்று மேலாகக் குடித்துவிடுங்கள்.

பதினைந்து நாள் முடிந்து சவாரோக்களுக்கு நடுவே கடைசி மாலையில் நிற்கிறீர்கள். டிக்கியில் தண்ணீர் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. 'ஏன் நான்கு லிட்டர்?' என்ற கேள்விக்கு இப்போது விடை தெரியும். எலிக்கும் கள்ளிக்கும் அந்த விடை உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நாம்தான் அதைத் தாளில் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.